மயில்கழுத்து நிறம்

அப்பாவின் சாணைக் கடையில் சூட்டுக்கு நான்கு நிறங்கள் இருந்தன: வைக்கோல், கருப்பட்டி, கத்தரிப்பூ, மயில்கழுத்து. கல்லில் பிடித்த கத்தியின் வாயோரம் வைக்கோல் நிறம் படர்ந்தால் கை கூடுதலாக அழுத்துகிறது என்று பொருள். கருப்பட்டி நிறம் வந்தால் அந்த நொடியே எடுத்துவிட வேண்டும். கத்தரிப்பூ தெரிந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது. மயில்கழுத்து வரை போன கத்தியைப் பார்த்தால் அப்பா எதுவும் பேசமாட்டார். மோட்டாரை நிறுத்திவிட்டு வெளியே போய் நிற்பார்.

எனக்குச் சடங்கு சுற்றியபோது தாய்மாமன் எடுத்துக்கொடுத்த பட்டுப்புடவையும் மயில்கழுத்து நிறம்தான். ஆசை ஆசையாய்க் கட்டிய புடவை அது. 1988க்குப் பிறகு அதை எடுத்துக் கட்ட எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று அம்மா கேட்டபோதெல்லாம் வேறு ஏதோ காரணம் சொன்னேன். காரணம் ஒரு கத்தி.

மதுரை முனிச்சாலைப் பக்கம், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது எங்கள் கடை. 1987ல் அதை வாடகைக்குப் பிடிக்கும் வரை அப்பா மிதிசாணையைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போனவர். மரச்சட்டத்தில் ஒரு பெரிய சக்கரம், அதிலிருந்து ஒரு வார், வாரின் மறுமுனையில் கல். காலால் மிதிக்க மிதிக்கக் கல் சுற்றும். நிமிடத்துக்குச் சில நூறு சுற்று வந்தால் அதிகம். கத்தியைக் கொஞ்சம் ஓங்கி அழுத்தினால் கல் திணறும், மீறி அழுத்தினால் நின்றுவிடும். ஒரு மனிதக் கால் நாள் முழுக்க மிதித்துக் கொடுக்கக்கூடிய சக்தி 100 வாட்டைத் தாண்டுவது அரிது. அந்தச் சக்தியை வைத்துக்கொண்டு ஒரு கத்தியின் பதத்தைக் கெடுப்பது சுலபமில்லை.

கடைக்கு வந்தது அரைக் குதிரைச் சக்தி மோட்டார். கணக்கில் 373 வாட். இரண்டு பக்கமும் ஆறு அங்குலக் கல், நிமிடத்துக்கு 2,800 சுற்று. கல்லின் விளிம்பில் ஒரு புள்ளியை வைத்துப் பார்த்தால் அது நிமிடத்துக்கு 1,300 மீட்டருக்கு மேல் ஓடுகிறது, மணிக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர். சுவிட்சைப் போட்டதும் எழும் அந்த ஊளை எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பாவுக்குப் பயமாக இருந்தது. முதல் நாள் ராத்திரி கடையை மூடும்போது சொன்னார்: “மிதிக்கிற கல்லுக்குக் களைப்பு உண்டு தாயி. இதுக்குக் கிடையாது. இதுக்கும் சேத்து நம்ம கைதான் களைக்கணும்.”

அப்போது எனக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. தம்பி படித்துக்கொண்டிருந்தான். கடையில் நான் காய்கறிக் கத்தியும் அரிவாள்மணையும் பிடிப்பேன். கறிக்கடைக் கத்தி, பாளை சீவுகிற அரிவாள், வாழைத்தார் வெட்டுகிற கத்தி, தையற்காரர் கத்தரிக்கோல் எல்லாம் அப்பாவின் கைவேலை. மானாமதுரைச் சாலையில் இருக்கிற திருப்பாச்சேத்தி அரிவாள் வந்தால் முதலில் வலது கையில் வாங்கி எடை பார்ப்பார். பிறகு முதுகை விரல் நகத்தால் தட்டி, காதோரம் வைத்துக் கேட்பார். லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்த இரும்பு அது. அதில் எந்த இடத்தில் ஆசாரி காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்துத் துவைச்சல் கொடுத்திருக்கிறார், எந்த இடத்தை விட்டிருக்கிறார் என்று அரத்தை லேசாக இழுத்துப் பார்த்தே சொல்லிவிடுவார். வாயோரம் அரம் வழுக்கும். முதுகில் அரம் கடிக்கும். “வழுக்குற இடம் அவர் சம்பாத்தியம். நாம அதைச் செலவழிக்கத்தான் உக்காந்திருக்கோம். பாத்துச் செலவழிக்கணும்” என்பார்.

1988 பக்ரீத்துக்கு முந்தைய வாரம். எங்கள் கடைக்கு வருடத்தில் அதைவிட வேலை மிகுந்த வாரம் கிடையாது. நெல்பேட்டையிலிருந்து கோணிப்பைகளில் கத்திகள் வந்து இறங்கும். அப்படி வந்த ஒரு பாய், ஒரே ஒரு கத்தியை மட்டும் துணியில் சுற்றிக் கையில் கொண்டுவந்தார். தோல் உரிக்கிற கத்தி. அவருடைய அத்தா வைத்திருந்தது. வாய் கூராகத்தான் இருந்தது. ஆனால் இறங்கவில்லை.

அது சாணை பிடிப்பவர்களுக்குத் தெரிந்த நோய். ஒவ்வொரு முறையும் வாயை மட்டும் தீட்டிக்கொண்டே வந்தால், வாய் மெல்ல மெல்ல முதுகை நோக்கி ஏறும். கத்தி முதுகுப் பக்கம் தடிமன். எனவே வாய்க்குப் பின்னால் வருடா வருடம் ஒரு தோள் திரண்டுகொண்டே வரும். கத்தி கூராகவும் இருக்கும், ஆப்பு மாதிரி மாட்டிக்கொள்ளவும் செய்யும். மருந்து ஒன்றுதான்: இரண்டு பக்கமும் அந்தத் தோளை இறக்கிக் கத்தியின் உடம்பையே திரும்ப மெல்லிசாக்க வேண்டும். புதுக்கத்தி செய்கிற ஆசாரி இதைத் துவைச்சலுக்கு முன்பே, இரும்பு இளகியிருக்கும்போது பெரும்பாலும் செய்துவிடுவார். சூடு ஏறினாலும் அப்போது கெட்டுப்போவதற்கு ஒன்றும் இல்லை. எங்கள் கைக்கு வருவது துவைச்சல் முடிந்த கத்தி. அதில் தவறுக்கு இடமே கிடையாது.

அப்பா சாப்பிடப் போயிருந்தார். காத்திருந்த கத்திகளைப் பார்த்து எனக்குக் கை துறுதுறுத்தது. அந்தக் கத்தியை நான் எடுத்தேன்.

முக்கால்வாசி நன்றாகவே வந்தது. பிடியோரத்திலிருந்து நடுப்பகுதி வரை தடிமன் இருந்ததால் சூடு பரவிப் போக இடம் இருந்தது. நுனிக்கு வந்தபோது மூன்று தவறுகள் ஒன்றாகச் சேர்ந்தன. காலையிலிருந்து அத்தனை கத்தி பிடித்ததில் கல் மெழுகிப் போயிருந்தது. அதாவது அதன் மணிகள் மழுங்கி, இரும்புத்தூள் அப்பி, வெட்டுவதை விட்டுவிட்டு உரசிக்கொண்டிருந்தது. வெட்டவில்லையே என்று நான் அழுத்தினேன். மூன்றாவதாக, நுனியில் ஒரு நொடி நின்றேன். கரகரவென்று இருந்த சத்தம் கீச்சென்று மாறியது. கண்ணெதிரே வைக்கோல், கருப்பட்டி, கத்தரிப்பூ, மயில்கழுத்து, நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக நுனியிலிருந்து உள்நோக்கி ஓடின. கண் சிமிட்டுகிற நேரம்தான்.

தண்ணீரில் போட்டேன். சுர்ரென்றது. எடுத்தேன். நீலம் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் வெகுகாலம் யாரிடமும் சொல்லவில்லை. எமரித் துணியை எடுத்து நுனியைத் தேய்த்தேன். நாலு தேய்ப்பில் நீலம் போய் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. அப்பா வந்தார், கட்டை விரலைக் குறுக்கே வைத்து வாயைப் பார்த்தார், தலையசைத்தார். கத்தி துணிக்குள் போனது.

பக்ரீத் முடிந்து மூன்றாம் நாள் பாய் வந்தார். கோபமாக வரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “அண்ணே, வாய் தேன் மாதிரி போகுது. மூக்கு மட்டும் மடங்குது. எலும்புல கூடப் படல, தோல்லயே மடங்கிருது” என்றார்.

அப்பா அரத்தை எடுத்து நடுவில் இழுத்தார். வழுக்கியது. நுனியில் இழுத்தார். ஈயத்தைப் போலக் கடித்தது. கத்தியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீலத்தைத் தேச்சியா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா பாய் பக்கம் திரும்பி, “எங்க கைத்தப்பு பாய். அரை அங்குலம் எடுத்தாத்தான் சரியாகும். கூலி வேணாம்” என்றார். என் பெயரை எடுக்கவில்லை. பாயும் யார் கை என்று கேட்கவில்லை. “எடுங்கண்ணே” என்று மட்டும் சொல்லிவிட்டு, டீ வாங்கி வரப் போனார். அப்பா முதுகுப் பக்கத்திலிருந்து சாய்வாக இறக்கி, கெட்ட அரை அங்குலத்தை எடுத்து, மூக்கை மொண்ணையாக உருட்டிக் கொடுத்தார். வாயை மூக்கு வரை ஏற்றினால் நல்ல இரும்பும் சேர்ந்து போய்விடும். முதுகை வாய்க்கு இறக்கினால் நல்ல இரும்பு மிச்சமாகும். அந்த நேரத்திலும் அவர் இரும்பை மிச்சம்பிடித்தார்.

அன்று ராத்திரி கடையை மூடாமல் என்னைக் கல்லுக்கு முன்னால் உட்கார வைத்தார். திட்டவில்லை. “நிறம் மேல்தோலு தாயி. அதைத் தேச்சுட்டா நமக்குத்தான் தெரியாமப் போகும். இரும்புக்குத் தெரியும்” என்றார். பிறகு முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். அன்றைக்குச் சொன்னதைத்தான் இன்றும் செய்கிறேன்.

முதலில் கல். ஒவ்வொரு பெரிய வேலைக்கு முன்னாலும் டிரஸ்ஸரை வைத்துக் கல்லின் முகத்தைச் சீவிப் புது மணியை வெளியே கொண்டுவர வேண்டும். கூரான மணி இரும்பை வெட்டிப் பொறியாக வெளியே தள்ளும். வெட்டுகிற சூட்டில் ஒரு பங்கு அந்தப் பொறியோடே போய்விடும். மழுங்கிய மணி உரசும், உரசுகிற சூடு கத்திக்குள்ளேயே போகும். நான் கல் தேயக்கூடாதென்று டிரஸ்ஸரைத் தொடாமலிருந்தேன். “கல்லை மிச்சம் பிடிச்சு அடுத்தவன் கத்தியச் செலவழிச்சிருக்க” என்றார்.

அடுத்து கை. கையுறை கூடவே கூடாது. ஓடுகிற கல்லில் துணி சிக்கினால் விரலோடு போகும். அதோடு, வெறும் விரல்தான் எங்கள் சூடுமானி. வாய்க்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில், கல் தொடாத பக்கத்தில் விரலை வைக்கச் சொன்னார். விரல் பொறுக்காத சூடு ஏறக்குறைய 60 டிகிரி. இரும்பின் பதம் இளகத் தொடங்குவது 200ஐ ஒட்டி. நடுவில் நல்ல இடைவெளி இருப்பதாகத் தோன்றும். ஆனால் விரல் இருப்பது கத்தியின் உடம்பில், சூடு பிறப்பது விளிம்பில். மெல்லிய விளிம்பிலிருந்து சூடு விரலுக்கு வந்து சேர்வதற்குள் விளிம்பு நிறம் மாறிவிடலாம். அதனால் விரலை மட்டும் நம்பக்கூடாது.

அதற்குத்தான் தண்ணீர். கத்தியைத் தொட்டியில் முக்கி, சொட்டச் சொட்டக் கல்லுக்குக் கொண்டுபோக வேண்டும். வாயோரம் ஈரம் இருக்கும்வரை பயமில்லை. தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் அங்கே தங்காது. ஈரம் சுருங்கி வாயோரம் காய்கிற கணத்தில் கத்தி தொட்டிக்குத் திரும்பிவிட வேண்டும். “ஈரம் காயுறதுக்குள்ள திரும்பு. காஞ்ச பிறகு திரும்பறது திரும்பறதில்ல.” சூடேறிய பிறகு முக்குவது பயனற்றது மட்டுமல்ல, ஆபத்தும்கூட. கனன்ற விளிம்பைச் சட்டென்று குளிரவைத்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும்.

பிறகு இழுப்பு. பிடியோரத்திலிருந்து நுனிவரை நிற்காமல் ஒரே இழுப்பு. நுனியை நெருங்க நெருங்க வேகம் கூட வேண்டும், அழுத்தம் குறைய வேண்டும். ஒரு பக்கம் இரண்டு இழுப்பு என்றால் மறுபக்கமும் இரண்டு. ஒரே பக்கமாக இறக்கினால் கத்தி வளைந்துவிடும்.

கடைசியாக, மோட்டார் கல்லில் வாயை முடிக்கக்கூடாது. ஒரு நகத்தின் தடிமனை விட்டுவிட்டு நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேலே போனால் விளிம்பில் பிசிறு எழும். மயிரிழை இரும்பு அது, சூட்டைத் தாங்க அதற்கு உடம்பு கிடையாது. பொறிபட்ட மாதிரி அது நீலமாகும். மீதி வேலை முழுக்கக் கையால், தண்ணீரில் ஊறிய தீட்டுக்கல்லில். மோட்டார் ஐந்து நிமிடத்தில் தருவதைத் தீட்டுக்கல் இருபது நிமிடத்தில் தரும். வாடிக்கைக்காரருக்குக் கூர் தெரிவது அந்த இருபது நிமிடத்தில்தான்.

நாலைந்து வருடம் கழித்துத் தம்பி பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் சேர்ந்தான். அவன் பாடப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு அட்டவணை கண்ணில் பட்டது. இடது பக்கம் நிறம், வலது பக்கம் டிகிரி. வெளிர் மஞ்சள் 220, பழுப்பு 255, ஊதா 280, நீலம் 300. அப்பாவின் வைக்கோலும் கருப்பட்டியும் கத்தரிப்பூவும் மயில்கழுத்தும் அதே வரிசையில் அச்சில் நின்றன. எழுத்துக்கூட்டிப் படிக்கிற அப்பாவைக் கூட்டிவந்து காட்டினேன். விரலை ஒவ்வொரு வரியாக வைத்துப் பார்த்துவிட்டு, “இதை எழுதினவரு கல்லுல உக்காந்திருக்காரு” என்றார்.

அந்தப் புத்தகம் எனக்குக் காரணத்தையும் சொன்னது. இரும்பைச் செந்தணலாக, 800 டிகிரியை ஒட்டிக் காய்ச்சும்போது அதிலுள்ள கரி இரும்புக்குள் கரைந்து பரவுகிறது. சட்டென்று குளிரவைத்தால் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. அந்த இறுக்கம்தான் கடினம். வெறும் இறுக்கம் கண்ணாடிபோல நொறுங்கும் என்பதால், ஆசாரி மறுபடி லேசாகக் காட்டிப் பதம் இறக்குகிறார். அவர் நிறுத்திய சூட்டைத் தாண்டி நாம் கல்லில் காய்ச்சினால், அவர் நிறுத்திய இடத்திலிருந்து இறக்கம் தொடர்கிறது. சிக்கிய கரி பிரிந்துவிடுகிறது. தண்ணீரில் முக்கினால் பிரிந்தது திரும்பச் சேராது. சேர வேண்டுமென்றால் மறுபடி 800 டிகிரி வேண்டும், மறுபடி ஒரு உலை, மறுபடி ஒரு ஆசாரி. நிறமோ, சூட்டில் காற்றுபட்டு மேலே படிகிற ஓர் இழைப் படலம், அவ்வளவுதான். நான் எமரித் துணியால் துடைத்தது அந்தப் படலத்தை.

தாத்தா காலத்துக் கல்லைப் பற்றி அப்பா அடிக்கடி சொல்வார். குருந்தக் கல்லை இடித்துப் பொடியாக்கி, உருக்கிய அரக்கில் குழைத்துச் சக்கரமாக வார்த்துக்கொள்வார்களாம். குருந்தம் நம் பக்கத்துக் கல். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் இன்றும் மண்ணில் கிடைக்கிறது. ஆங்கிலத்தின் ‘கொரண்டம்’ என்ற சொல்லே நம் குருந்தத்திலிருந்து போனது. இன்று கடையில் வாங்குகிற வெள்ளைச் சாணைக்கல்லும் மின்உலையில் செய்த குருந்தம்தான். மாறியிருப்பது பொடியைப் பிணைக்கிற பொருள். இன்றைய கல்லைச் சுட்டு இறுக்கியிருக்கிறார்கள், எந்தச் சூட்டுக்கும் அசையாது. அரக்கோ 80 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். அதிகம் அழுத்தினால் கத்தி கெடுவதற்கு முன்னால் கல் குழையும், வாசனை வரும். தாத்தாவின் கல் தானே முன்வந்து எச்சரித்தது. எங்கள் கல் எதையும் சொல்வதில்லை. எங்கள் கத்திகளில் அரக்கு மிச்சமிருக்கிற ஒரே இடம் மரப்பிடிக்குள்தான். கத்தி உடம்பெல்லாம் சூடாகும்படி விட்டால், அந்த அரக்கு இளகிப் பிடி ஆடத் தொடங்கும். இரண்டு முறை என் கையிலேயே பிடி ஆடியிருக்கிறது.

தொண்ணூறுகளில் வேறு இரும்புகள் வந்தன. உடைந்த பவர் ஹாக்ஸா பிளேடில் செய்த கத்திகள் வந்தபோது பொறியைப் பார்த்தே அப்பா புரிந்துகொண்டார். ஸ்பிரிங் பட்டை வெள்ளையாகப் பூவாணம் விடும், இது செம்மங்கலாக நாலைந்து கோடு மட்டும் விட்டது. அது 500 டிகிரியைத் தாண்டியும் பதம் இழக்காத இரும்பு, நீலம் கண்டாலும் கெடாது. எவர்சில்வர் கத்தி நேர்மாறு. குரோமியம் இருப்பதால் நிறம் தாமதமாகவே காட்டும். வைக்கோல் தெரியும்போதே சூடு எங்கேயோ போயிருக்கும். “நிறத்தைப் பாத்து நிறுத்தறவன் பாதி வேலக்காரன். ஈரத்தைப் பாத்து நிறுத்தறவன்தான் முழு வேலக்காரன்” என்று அவர் சொன்னது அந்த நாட்களில்தான். நான்கு நிறங்களையும் எனக்குக் கற்றுக்கொடுத்தவர், அவற்றைப் பார்க்காமலே வேலை முடிய வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார்.

அப்பா போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. கடை அதே மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. கல்லில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன வருடம் ஓர் இளைஞர் துணியில் சுற்றிய கத்தியோடு வந்தார். துணியைப் பிரிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு விரல் அகலம் இருந்த கத்தி ஒரு விரல் அகலத்துக்கு வந்திருந்தது. முப்பது வருடத் தோல், முப்பது வருடத் தீட்டல். அரத்தை எடுத்து வாயோரம் இழுத்தேன். பிடியிலிருந்து மூக்குவரை வழுக்கியது.

“தோளு ஏறிப்போச்சுக்கா, இறக்கித் தரணும். அத்தா கத்தி. மூக்கை மட்டும் தொட்றாதீங்க” என்றார்.

“ஏன் தம்பி?”

“மூக்கு மொண்ணையா இருந்தாத்தான் தோல் கிழியாது, அதுக்காகத்தான் சொல்லிச் செஞ்சு வாங்கினேன்னு அத்தா சொல்லுவாரு.”

நான் மோட்டார் சுவிட்சிலிருந்து கையை எடுத்தேன். நான் தேய்த்து மறைத்தேன். அப்பா தன் தலையில் ஏற்றுக்கொண்டார். அந்தப் பெரிய மனிதரோ, என் தவறைத் தன் கத்தியின் குணமாக்கித் தன் மகனிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

“அவரு சொல்லிச் செய்யல தம்பி. அந்த மூக்கு என் கைத்தப்பு. எனக்குப் பதினேழு வயசு. நுனியைக் காய்ச்சிட்டேன். காய்ச்சினதத் தேச்சு மறைச்சும் குடுத்தேன்” என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கத்தியை வாங்கி மூக்கைக் கொஞ்ச நேரம் கட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு திரும்பக் கொடுத்தார். “அப்படியே இருக்கட்டும்க்கா. எங்களுக்கு அது பழகிருச்சு. தோள மட்டும் இறக்குங்க.”

டிரஸ்ஸரை எடுத்துக் கல்லின் முகத்தைச் சீவினேன். தொட்டியில் புதுத் தண்ணீர் ஊற்றினேன். கத்தியை முக்கி எடுத்து, பிடியோரத்திலிருந்து மூக்கு வரை ஒரே இழுப்பாக இழுத்துத் தண்ணீருக்குத் திரும்பினேன். வாயோரம் ஈரம் காயவில்லை.